மாதா படத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டை

1986 பெப்ரவரி 10, திங்கள்

இரவு முழுக்க ஸ்னோ. காலையில் வாசல் தள்ளப் போனால் ஐனர் எங்கள் பக்கத்தையும் தள்ளி முடித்துவிட்டு, மண்வெட்டியில் கை ஊன்றி நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர். ரயில் எஞ்சின் ஓட்டினவர். வயது எழுபத்துநாலு, எனக்கு இரண்டு வயது மூப்பு. "மோர்ன்" என்றார், இங்கத்தைக் காலை வணக்கம். நானும் "மோர்ன்". எங்களுக்குள் உள்ள கதை அவ்வளவுதான். ஒரு நாளும் தவறினதில்லை.

கால் குளிர். இரண்டு காலுறை.

செபமாலை அலுமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அலுமாரியை நகர்த்தினால் சுவரில் கறுப்பு. என் உள்ளங்கை நாலு வைத்தால் மூடும். தொட்டால் ஈரம். டிசம்பரில், நத்தாருக்கு அடுத்த நாள் இதே அலுமாரியை நகர்த்திக் கூட்டினேன். அன்றைக்குச் சுவர் வெள்ளை, புதுப் பலகை மணம். துணியால் துடைத்தேன். போகவில்லை. திரும்பத் தள்ளி வைத்துவிட்டேன்.

மருமகள் றெஜினா கீழேயிருந்து என்ன சத்தம் மாமா என்றாள். செபமாலை தேடினேன் என்றேன். பொய் இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

வெளியே போக வழியில்லை. இந்த வீட்டைப் பற்றி எழுதி வைப்போம். எழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, மன்றாட்டுப் புத்தகம் பார்த்து வந்தது. ஆகையால் மெதுவாக.

டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் ரயில்வே ஆட்கள் சேர்ந்து தங்களுக்கென்று கட்டின தெரு. எழுபத்தைந்து எண்பது வருஷம் இருக்கும். சிவப்புக் கல், ஓட்டுக் கூரை, வீட்டுக்கு ஒரு தோட்டம், தோட்டத்துக்கு ஒரு அப்பிள் மரம். பார்க்க வடிவு. குளிருக்கு ஆகாது. எண்ணெய் விலை ஏறினதில் சனத்துக்குச் சூடாக்கக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுச் சங்கத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, வெளிப்புறம் முழுக்கச் சாம்பல் தகடு அடித்து மூடி, பிளாஸ்டிக் யன்னல் போடுவோம் என்கிறது. மற்றது ஐனரின் கட்சி. வீட்டின் முகத்தில் கை வைக்காமல் உள்ளே மட்டும் செய்வோம் என்கிறது.

கடைசியில், ஒரு வீட்டில் செய்து ஒரு குளிர்காலம் பார்ப்பது என்று முடிவாம். காலி வீடு ஒன்று இருந்தது. ஆட்கள் இருந்து சமைத்துக் குளித்தால்தானே சோதனை, தமிழ்க் குடும்பம் ஒன்று வீடு தேடுகிறது, அவர்களை விடுங்கள் என்று ஐனர் கூட்டத்தில் எழுந்து சொன்னாராம். கொம்யூன், அதாவது நகரசபை, எங்களை வைத்தது. மகன் அன்ரனும் றெஜினாவும் செப்டம்பரில். நான் ஒக்டோபரில் வந்து சேர்ந்தேன்.

உள்ளே செய்தவை (றெஜினா சொல்லக் கேட்டது):
சுவருக்கு உள்பக்கம் கம்பளி மாதிரி ஒரு மெத்தை, மேலே பலகை.
பழைய யன்னல் அப்படியே. உள்ளே இன்னொரு கண்ணாடிச் சட்டம்.
கூரைக்கடியில் அதே மெத்தை.
கூரைப் பீலியால் வடிகிற மழைத் தண்ணீருக்குப் பீப்பா. தோட்டத்துக்கு.
சுவரில் பழைய காற்று ஓட்டை இரண்டு, இரும்பு வலையோடு, கை அகலம். ஒன்று குசினியில், ஒன்று என் அறையில்.

குசினியில், அடுப்புக்குப் பக்கத் தட்டில் ஒரு பெட்டி. உள்ளே கடதாசி சுற்றிய உருளை தானாகச் சுழலும், ஒரு பேனை கோடு கீறும். வீட்டுக்குள் எவ்வளவு ஈரம் என்று இரவு பகலாக எழுதும். புதன்கிழமை புதன்கிழமை லிஸ்பெட் வந்து கடதாசி மாற்றுவார். இந்த வேலையை நடத்துகிற ஆர்க்கிடெக்ட். பேர் நீளம், இனி லி. என்று போடுகிறேன்.

இந்த மாதம் 27 சங்கக் கூட்டம். சுவர் காய்ந்திருந்தால் தெரு முழுக்க இதே மாதிரி. ஈரமென்றால் தகடு.

அந்த இரண்டு ஓட்டையையும் நான் அடைத்துவிட்டேன். ஜனவரி 7, செவ்வாய், மூவிராசாக்கள் திருநாளுக்கு அடுத்த நாள், பிற்பகல். அன்ரன் வேலை, றெஜினா கடைக்கு. கிழக்குக் காற்று கட்டிலுக்கு நேரே அடித்தது. உடுத்துப் பழசான சாரத்தைக் கிழித்து, முறுக்கித் திரியாக்கி, ஸ்க்ரூடிரைவரால் செருகி, அன்ரனின் சப்பாத்துக் குதியால் தட்டி இறக்கி, மேலே நத்தார் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினேன். வள்ளத்துப் பலகை இடுக்குக்குச் செய்கிற அதே வேலை. நாற்பத்தைந்து வருஷம் பேசாலைக் கடலில். ஓட்டையைக் கண்டால் அடைக்கிற கை. குசினியில் அதன் மேல் இருதய ஆண்டவர் கலண்டர். என் அறையில் மடு மாதா.

அன்றிரவு நல்ல நித்திரை. கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 12, புதன்

விபூதிப் புதன். காலையில் கோயில், நெற்றியில் சாம்பல். ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான்.

பத்து மணிக்கு லி. வந்தார். வந்ததும் றெஜினாவிடம் கைலேஞ்சியை நீட்டினார். நெற்றியில் அழுக்காம். அன்ரன் வாயைப் பொத்திக்கொண்டான். றெஜினா விளங்கப்படுத்த, அந்தப் பெண்ணுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மூன்று முறை மன்னிப்பு. பிறகு வீட்டில் எதைத் தொடுவதற்கும் பயந்து பயந்துதான் நடந்தார்.

பெட்டியைத் திறந்தார். பழைய கடதாசிகளோடு வைத்துப் பார்த்தால் கோடு ஜனவரி தொடக்கத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கிழமை இன்னும் மேலே. பிறகு அறை அறையாக டோர்ச். குசினி மூலையில் கறுப்பு. என் அலுமாரிக்குப் பின்னால், நான் துடைத்தது போதாமல், மேலும் கறுப்பு. முழங்காலில் நின்று கனநேரம் பார்த்தார்.

கேள்விகள். உடுப்பை உள்ளே காயப்போடுகிறோமா. சோறு எத்தனை நேரம் அவிகிறது. யன்னல் திறக்கிறோமா. றெஜினா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, காத்து ஓட்டை ரெண்டும் திறந்துதானே கிடக்கு எண்டு கேக்கிறா."

அன்ரன் வாசலில் நிற்கிறான். லி. என் வாயைப் பார்க்கிறார்.

"ஓம்" என்றேன்.

லி. மாதா படத்துக்கு முன்னால் வந்து நின்றார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். படத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் விட்டிருந்தால் போதும். விடவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து, போய்விட்டார்.

ஓட்டையால்தான் ஈரம் வெளியே போகவேண்டும் என்று போகும்போது சொன்னாராம். றெஜினா பின்னேரம் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருசந்தி என்று சமாளித்தேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

ஐனர் போத்தலில் போட்ட அப்பிள் கொண்டுவந்தார். லி. கதைத்திருக்கிறார் போல. முகம் தொங்கிப்போயிருந்தது. உள்ளே வந்து, முன் யன்னலின் உள்சட்டத்தைத் திறந்து, கீழ்க் கட்டையின் அடியைத் தடவி என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பென்சிலால் ஒரு பேர். அவருடைய தகப்பனின் கூட்டாளியாம். ரயில் பெட்டி செய்கிற பட்டறையில் வேலை முடித்து, பின்னேரங்களில் இந்தத் தெருவின் யன்னல் எல்லாவற்றையும் அவர்களே செய்தார்களாம். ஐனர் பிறந்தது இந்த வரிசையில்தான், மேல் அறையில். தகடு வந்தால் யன்னல்கள் எல்லாம் குப்பைக்கு.

இவ்வளவும் றெஜினா வாயால். கடைசியில் அவள் சொன்னாள்.

"இந்தச் சனம் வீட்டை வடிவாப் பாத்துக்கொள்ளும் எண்டு கூட்டத்தில தான் வாக்குக் குடுத்தவராம், மாமா."

அவருக்குக் கோப்பி கொடுத்தோம். குசினியில், இருதய ஆண்டவர் கலண்டருக்கு நேர் கீழே இருந்து குடித்தார்.

அப்பிள் இனிப்பு. இரண்டுக்கு மேல் தின்ன மனமில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

கோயில். பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி டெனிஷ்காரர். நான் தமிழில் சொன்னேன். ஓட்டை, திரி, மெழுகு, மாதா படம், "ஓம்" என்று சொன்னது, எல்லாம் ஒழுங்காக, தேதியோடு. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பொறுமையாகக் கேட்டு, சிலுவை போட்டு, தோளில் தட்டினார். நல்ல மனுசன்.

வெளியே வந்தும் பாரம் அப்படியே. மாதாவுக்கு விளங்கியிருக்கும். அதுதான் கரைச்சல்.

பூசைக்குப் பிறகு கோப்பி. எங்கள் சனம் ஏழெட்டுக் குடும்பம். மரியதாஸ் என்று ஒருவர், சோதனை வீடு என்றாலே அவருக்குச் சிரிப்பு.

"என்ன அப்பு, உங்கட வீட்டுக்குள்ள மழை பெய்யுதாமே. குடை இருக்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்ரன் சிரிக்கவில்லை. தமிழரை வைத்தால் சமைத்தே சுவரை ஊறப்போடுவார்கள் என்று வேலையிடத்தில் ஒருவன் சொன்னானாம். பஸ்ஸில் வரும்போது சொன்னான், யன்னலைப் பார்த்துக்கொண்டு.

பெப்ரவரி 17, திங்கள்

காலை. றெஜினா மொழிப்பள்ளிக்கு. அன்ரன் பின்னேர வேலைக்காரன், இன்னும் படுக்கை. ஆருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டால் ஆருக்கும் தெரியாது. இதுதான் யோசனை.

குசினியில் தொடங்கினேன். கலண்டரை இறக்கி, மெழுகைச் சுரண்டி, திரியின் நுனியைப் பிடித்து இழுத்தால் வருகுதில்லை. என் கைவேலை என்னோடேயே மல்லுக்கட்டியது. அரை மணித்தியாலம். கத்தி, முள்ளுக்கரண்டி, கடைசியில் பல். வந்தது. கறுத்து, ஊறி, செத்த விலாங்கு மாதிரி. விஸ்கற் வந்த தகரப் பேணிக்குள் போட்டு மூடினேன்.

ஓட்டையால் காற்று விசில். கலண்டரை ஓட்டைக்கு இரண்டு விரல் தள்ளி மாட்டினேன்.

என் அறை மிச்சம். மாதாவை இறக்கக் கை வைத்தேன், இறக்கவில்லை. மறைக்க அவளை மாட்டினது போதும், மறைத்ததை மறைக்கவும் அவளையா. நாளைக்குப் பார்ப்போம்.

பெப்ரவரி 19, புதன்

லி. வந்தார். கடதாசியை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோடு திங்கட்கிழமை வரை மேலே. திங்கள் பத்து மணியளவில் பொத்தென்று விழுந்து, அதன் பிறகு கீழேதான்.

எனக்குச் சந்தோசம். அவருக்கு இல்லை. பெட்டியைத் தட்டினார், காதில் வைத்தார். ஈரம் இப்படி விழாதாம். காரணமில்லாமல் ஒரே மணித்தியாலத்தில் விழுந்தால் பெட்டி பழுது. பெட்டி பழுதென்றால் இந்தக் குளிர்காலத்துக் கடதாசி ஒன்றையும் கூட்டத்தில் காட்ட முடியாது. காட்ட ஒன்றுமில்லை, சுவரில் கறுப்பு மட்டும் மிச்சம். பிறகென்ன, தகடுதான்.

பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தட்டில் அது இருந்த இடம் வெள்ளையாக, சதுரமாக.

பெட்டி பழுதில்லை. அது உள்ளதைத்தான் எழுதினது.

பெப்ரவரி 20, வியாழன்

அன்ரன் வேலைக்குப் போகமுன் இரண்டு பேரையும் இருத்திச் சொன்னேன். விஸ்கற் பேணியைத் திறந்து காட்டினேன்.

றெஜினா திரியை விரலால் தொட்டு, "இது உங்கட நீலச் சாரமெல்லோ, நான் எங்கயெல்லாம் தேடினன்" என்றாள். பிறகுதான் அவளுக்குக் கண் கலங்கினது.

அன்ரன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. சப்பாத்துக் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினான்.

"அப்பு, வாயத் திறக்காதேங்கோ. எங்கள இங்க விட்டதே எப்பிடி இருக்கிறம் எண்டு பாக்கத்தான். எங்களுக்குப் பின்னால நாலு குடும்பம் வீட்டுக்கு நிக்குது. ஒரு தமிழன் ஓட்டைய அடைச்சான் எண்டால் எல்லாத் தமிழனும் அடைச்சதுதான்."

அவன் சொன்னதில் பிழையில்லை. றெஜினா மட்டும், அப்போ பக்கத்து வீட்டுக் கிழவர் என்ன செய்வார் என்றாள். அன்ரன் எழும்பிக் கதவைத் திறந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பருப்பு அடிப்பிடித்தது. யன்னலைத் திறந்துவிட்டோம்.

பெப்ரவரி 22, சனி

காலை "மோர்ன்" சொல்ல ஐனர் வந்தார். நான் சொல்லவில்லை. பேணியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே அவர் வீட்டுக்குள் போய்விட்டேன். றெஜினாவைக் கூப்பிடவில்லை. என் பிழையை அந்தப் பிள்ளை வாயால் சொல்லவைக்கக்கூடாது.

அவர் குசினி எங்கள் குசினியேதான், இடது வலது மாறினது மட்டும். கோப்பி வைக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவருடைய சுவரில் உள்ள ஓட்டையைக் காட்டினேன். பேணியைத் திறந்து திரியைக் காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டேன். செருகிக் காட்டினேன், தட்டிக் காட்டினேன், மெழுகு ஊற்றிக் காட்டினேன். படம் மாட்டிக் காட்டினேன்.

விளங்கிவிட்டது. கதிரையில் இருந்தார். நான் நின்றேன். இருக்கச் சொல்லவில்லை.

பிறகு எழுந்து கோட்டைப் போட்டார். எங்கள் வீட்டுக்கு, நேரே மேலே, என் அறைக்கு. மாதாவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். அவரும் தொடவில்லை. நான் இறக்கிக் கட்டிலில் வைத்தேன். அவர் நகத்தால் மெழுகைச் சுரண்டிப் பார்த்தார். நகம் ஏறவில்லை. என்னவோ சொன்னார். வாசலில் றெஜினா.

"நல்லாத்தான் அடைச்சிருக்கு எண்டுறார், மாமா." பிறகு, "கோவத்தோடதான் சொல்லுறார்."

ஸ்க்ரூடிரைவர் எடுத்து இழுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாமாம். இதை லி. முதலில் பார்க்கட்டுமாம். எழுபத்துநாலு வயதுப் பிடி. இன்னும் வலி.

பெப்ரவரி 24, திங்கள்

லி. பெட்டியோடு வந்தார். பெட்டியில் பழுதில்லையாம், அதுவும் நான் ஐனருக்குச் சொல்லி, அவர் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. இன்னொரு பெட்டியும். ஒன்று குசினியில், ஒன்று என் அறையில். என் அறை ஓட்டையை வியாழன் வரை அடைத்தபடியே விடச் சொன்னார். திறந்த அறையும் மூடிய அறையும் ஒரே வீட்டில், ஒரே சமையலில் இருந்தால் அதைவிடக் கூட்டத்துக்குக் காட்ட வேறென்ன வேண்டும்.

ஏச்சு எதிர்பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டு, தொட்டுப் பார்க்கலாமா என்று அன்றைக்கே ஒரு சொல் கேட்டிருக்கவேண்டும் என்றாராம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன். தெரியாது.

அன்ரன் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் இரவு என் கட்டிலில் அவனுடைய போர்வை கிடந்தது.

பெப்ரவரி 26, புதன்

லி. வந்து இரண்டு கடதாசியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். குசினிக் கோடு தாழ. என் அறைக் கோடு மேலே, கூரையைத் தொடப்போகிறது. எழுதப் படிக்கத் தெரியவேண்டியதில்லை.

நாளைக்கு ஆட்கள் வருவார்கள். றெஜினா வீட்டைக் கழுவுகிறாள், பிறகு ஈரம் கூடும் என்று பாதியில் நிறுத்தினாள்.

பெப்ரவரி 27, வியாழன்

பின்னேரம் நாலு மணிக்கு, கூட்டத்துக்கு முன், தெருவே வந்தது. சப்பாத்தை வாசலில் கழற்றி, காலுறையோடு, ஒருவர் பின்னால் ஒருவராக என் அறைக்குள். முப்பத்தொரு பேர். சுவரைத் தொட்டு, விரலை மணந்து பார்த்து, மாதாவுக்கும் ஒரு பார்வை. திருநாளில் கூட என் வீட்டுக்கு இவ்வளவு சனம் வந்ததில்லை.

பிறகு சங்க மண்டபம். லி. கடதாசிகளைக் காட்டினார். ஐனர் கதைத்தார், குறைய. தகட்டுக் கட்சியின் பெரியவர் எழுந்தார். மீசைக்காரர், சத்தம் போடாதவர். அவர் கேட்டதை றெஜினா என் காதில் சொன்னாள், நியாயமான கேள்வி. வீடு பிழையில்லை, ஆள்தான் பிழை என்றே வைப்போம். அடுத்த குளிரில் அடுத்த ஆள் அடைக்கமாட்டான் என்று ஆர் பொறுப்பு. தகட்டுக்கு ஆளின் நல்ல புத்தி தேவையில்லை.

ஐனர் குனிந்துகொண்டார். ஒருமுறை வாக்குக் கொடுத்து அவருக்குப் போதும்.

நான் எழும்பினேன். றெஜினாவும் எழும்பினாள். நான் சொன்னது:

"அடைச்சவன் நான்தான். அடைச்சால் என்ன வரும் எண்டு இந்தத் தெருவில எனக்குத்தான் வடிவாத் தெரியும். குளிர் எண்டால் ஆரும் அடைக்கத்தான் பாப்பினம். அடைக்க முன்னம் என்னட்டை வரச் சொல்லுங்கோ, என்ர சுவரைக் காட்டுறன். இன்னொரு மாரிக்கு எங்கள அங்கயே விட்டுப் பாருங்கோ."

றெஜினா வாயைத் திறக்கமுன் பின்னாலிருந்து அன்ரன், "இத நான் சொல்லுறன்" என்றான். வேலைக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். வேலை உடுப்போடு கதவடியில் நிற்கிறான். டெனிஷில் சொன்னான். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. என்ன கூட்டிச் சொன்னான் என்று இன்னும் சொல்லவில்லை. மீசைக்காரர் ஒரு இடத்தில் சிரித்தார்.

கை தூக்கினார்கள். றெஜினா எண்ணினாள். இன்னொரு குளிர்காலம் பார்ப்பது. இரண்டு ஓட்டையும் திறந்தபடி. அதுவரை தகடு இல்லை, ஒரு யன்னலிலும் கை வைப்பதில்லை. நாங்கள் அதே வீட்டில்.

ஐனர் என் கையைக் குலுக்கவில்லை. தன் தொப்பியை எடுத்துக்கொண்டு, என் தொப்பியையும் எடுத்துத் தந்தார்.

பெப்ரவரி 28, வெள்ளி

காலையில் மூன்று பேர் பார்க்க, ஐனர், லி., அன்ரன், என் அறைத் திரியைக் கழற்றினேன். இந்த முறை பல் இல்லை, ஐனர் தன் குறட்டைக் கொண்டுவந்தார். திரி வந்ததும் கிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. ஐனர் உள்ளங்கையை ஓட்டைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார், கனநேரம், குளிர் காய்கிற ஆள் மாதிரி.

கட்டிலை மற்றச் சுவரோரம் மாற்றினோம். இதை ஜனவரியிலேயே செய்திருக்கலாம்.

மார்ச் 1, சனி

ஸ்னோ இல்லை, காற்று. "மோர்ன்". "மோர்ன்".

கறுப்பைச் சுரண்டவேண்டும். லி. ஒரு மருந்துத் தண்ணீர் தந்திருக்கிறார். யன்னலைத் திறந்துவைத்துத்தான் பூசவேண்டுமாம்.

காலுறை மூன்று. அன்ரனின் சுவெற்றர். இருந்தும் விடிய மூக்கு ஐஸ்.

மாதாவை எங்கே மாட்டுவது என்று றெஜினா கேட்டாள். ஓட்டைக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்தேன். இப்போது அவள் ஓட்டையையே பார்த்தபடி இருக்கிறாள். நான் கட்டிலால் எழும்பினால் என்னையும் பார்ப்பாள்.